உறையற்ற வைரசும் நம்ம ஊர்த் தண்ணீரும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சூட்டோடு, விழிஞ்ஞத்தில் இரண்டு பள்ளிக் குழந்தைகளுக்கு நோரோ வைரஸ் தொற்று உறுதியானது. அதற்கு முன்பு, 2021 நவம்பரில், வயநாடு பூக்கோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு அதே தொற்று வந்தது. வயநாடு நமக்குத் தூரம்; விழிஞ்ஞம் அப்படியல்ல, நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடற்கரை. அந்த வாரம் கள்ளிக்காட்டில் என் பாத்திரக் கடைக்கு வந்த ஒரு அம்மா சொன்னார்: "அண்ணாச்சி, கொரோனாவுக்கே சானிடைசர் தேச்சுத் தப்பிச்சாச்சு. இதுக்கும் ரெண்டு சொட்டு தேச்சாப் போதும்லியா?"

போதாது. ஏன் போதாது என்பதை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கல்லூரிப் படி ஏறியவன் அல்லன். கல்லாவில் உட்கார்ந்தபடி படித்தவை இவை. வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கில்லை. பொருளின் அமைப்பைச் சொல்கிறேன்.

வைரஸ் என்பதைத் தமிழில் நச்சுயிரி என்பர், தீநுண்மி என்போரும் உண்டு. பெயரில் உயிர் இருக்கிறதே தவிர, வெளியில் கிடக்கும்போது அதற்கு மூச்சும் இல்லை, தீனியும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. உள்ளே ஒரு மரபுச் செய்தி, வெளியே அதைப் பொதிந்த புரத ஓடு, அவ்வளவுதான். இந்த ஓட்டுக்கு மேலே சில வைரஸ்கள் இன்னொரு சட்டையும் போட்டுக்கொள்ளும். அந்தச் சட்டை அதன் சொந்தச் சொத்து அல்ல. எந்த உயிரணுவுக்குள் புகுந்து பெருகியதோ, அதன் கொழுப்புச் சவ்வையே கிழித்துப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது. திருட்டுச் சட்டை என்றே சொல்லலாம். கொரோனா, இன்ஃபுளுவென்சா, எய்ட்ஸ் தரும் எச்.ஐ.வி., நம் கேரளத்தை அவ்வப்போது மிரட்டும் நிபா, இவையெல்லாம் சட்டை போட்ட ஜாதி. சட்டை போடாதவை உறையற்ற வைரஸ்கள்: இளம்பிள்ளை வாதம் தரும் போலியோ, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ மற்றும் ஈ, வாந்தி பேதி தரும் நோரோ, ரோட்டா, கண்நோயும் சளியும் தரும் அடினோ, கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா. வயிற்று வழியே வரும் வைரஸ்களில் பெரும்பாலும் உறையற்றவையே என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காரணம் பின்னால் வரும்.

சட்டை போட்டவன்தானே பாதுகாப்பாக இருப்பான் என்று நமக்குத் தோன்றும். வைரஸ் உலகத்தில் கணக்கு தலைகீழ். அதற்கு ஓட்டின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும்.

நோரோ வைரசின் மரபுச் செய்தி ஏறத்தாழ 7,500 எழுத்துகள் கொண்டது. புரதத்தின் ஒவ்வொரு மணியையும் சொல்ல மூன்று எழுத்து வேண்டும். ஓட்டைக் கட்டும் முக்கியப் புரதத்தில் 530 மணிகள். ஒரு ஓட்டுக்கு இப்புரதம் 180 வேண்டும். 180ஐ 530ஆல் பெருக்கினால் 95,400 மணி. ஒவ்வொரு கல்லையும் தனித்தனி வடிவில் செய்வதானால் எழுத்து மட்டும் 2,86,000க்கு மேல் ஆகும். கையிருப்போ 7,500. கடைக்காரனுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்: ஒரே அச்சு செய்து, அதிலேயே நூற்றெண்பது வார்த்துக்கொள்வதுதான் வழி. இதே தர்க்கத்தை 1956இல் கிரிக்கும் வாட்சனும் எழுதினார்கள், டி.என்.ஏ.யின் முறுக்கேணி வடிவைச் சொன்ன அதே இரட்டையர்தான். சின்ன வைரசுக்குச் சரக்கு குறைவு, ஆகவே ஒரே மாதிரிக் கற்களைத் திரும்பத் திரும்ப அடுக்கித்தான் அது வீடு கட்ட முடியும் என்பது அவர்கள் வாதம்.

ஒரே மாதிரிக் கற்களைக் கொண்டு மூடிய உருண்டை கட்டுவது எப்படி? இருபது முக்கோண முகமும் பன்னிரண்டு முனையும் உள்ள ஒரு வடிவம் இருக்கிறது. அதை இருபது முகப் பிழம்பு என்போம். இவ்வடிவில் ஒன்றுபோல் அமைந்த இடங்கள் அறுபது. அறுபது கல்லில் கட்டினால் சின்ன வீடு. மும்மடங்காக 180 கல் வைத்தால் கொஞ்சம் பெரிய வீடு. அறுபதுக்கு மேல் போகும்போது கற்கள் தம்மை லேசாக வளைத்து இடம் கொடுத்துக்கொள்கின்றன என்ற விதியை 1962இல் காஸ்பர், க்ளூக் என்ற இரு அறிஞர்கள் வகுத்தனர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடங்கள் அவர்களுக்கு யோசனை கொடுத்தன என்பது சுவையான செய்தி. வீட்டில் பிள்ளைகள் உதைக்கும் பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஐங்கோணத் துண்டு எத்தனை? பன்னிரண்டு. நோரோ ஓட்டின் முனைக் கணக்கும் பன்னிரண்டே. 1999இல் ஹூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரியில் பி.வி.வெங்கட்ராம் பிரசாத் குழுவினர் இந்த ஓட்டை எக்ஸ்-கதிரால் அணு அணுவாக வரைந்து காட்டினார்கள்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. நாம் கீரை பறிக்கும் அகத்தியிலேயே ஒரு வைரஸ் உண்டு. திருப்பதிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட அகத்தி மொசைக் வைரஸ் அது. இலையில் திட்டுத் திட்டாக வெளுப்பு விழும். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம்.ஆர்.என்.மூர்த்தி, எச்.எஸ்.சாவித்திரி ஆகியோர் குழு 1990களில் இதன் ஓட்டை ஆராய்ந்தது. இங்கும் அதே 180 கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கால்சியம் உட்கார்ந்து இறுக்கிப் பிடிக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஓட்டின் உறுதி குறைகிறது. கால்சியம் என்பது சுண்ணாம்புச் சத்துதானே! நம் முன்னோர் கல்லுக்கு நடுவே சுண்ணாம்பு வைத்துக் கட்டினார்கள். அகத்தி வைரசுக்கும் அதே கொத்தனார் புத்தி. (அகத்திக்கீரை தின்றால் நமக்கு இது தொற்றுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். செடி வைரஸ் செடிக்கே.)

இந்தக் கட்டடத்துக்கு மேஸ்திரி யார்? யாரும் இல்லை. 1955இல் ஃப்ரேங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்போர் புகையிலை மொசைக் வைரசைப் பிரித்து, புரதத்தை ஒரு பக்கமும் மரபுச் செய்தியை ஒரு பக்கமும் வைத்தார்கள். பிறகு இரண்டையும் ஒரே குழாயில் கலந்தபோது அவை தாமே சேர்ந்து தொற்றும் வைரசாக எழுந்தன. அது கம்பி போல நீண்ட வகை, உருண்டை அல்ல, அதுவும் உறையற்றதே. இறுக்கமாகப் பொருந்துவது கல்லின் குணத்திலேயே இருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

இப்போது சோப்புக்கு வருவோம். சோப்பு கொழுப்பைக் கரைக்கும். எண்ணெய்ச் சட்டியைத் துலக்குகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கொரோனாவின் சட்டை கொழுப்பு. அதன் கொம்புகள் அந்தச் சட்டையில்தான் குத்தி நிற்கின்றன. சட்டை கரைந்தால் கொம்பும் போச்சு, உயிரணுவைப் பற்றும் வழியும் போச்சு. சாராயச் சத்துள்ள சானிடைசரும் அதே வேலையைச் செய்கிறது. உறையற்ற வைரசுக்குக் கரைவதற்குக் கொழுப்பே இல்லை. பற்றும் கொக்கி நேராக அந்தப் புரதக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. ஆகவே நோரோவிடம் சானிடைசர் செய்யும் வேலை அரைகுறைதான். சோப்பும் அதைக் கொல்வதில்லை. ஆனால் நுரையும் தேய்ப்பும் ஓடும் தண்ணீரும் சேர்ந்து கையிலிருந்து உரித்து வழித்துவிடுகின்றன. அதனால்தான் நோரோவுக்குக் கை கழுவு, கழுவு என்கிறார்கள். துடைத்துக்கொள் என்று சொல்வதில்லை. நோயாளியின் கழிவில் ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில் வைரஸ் இருக்கும். நோய் பிடிக்க நூறுக்கும் குறைவான எண்ணிக்கையே போதும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. கதவுப் பிடியில், மேசையில் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் அது காத்திருக்கும்.

வயிற்றுக் கணக்கும் இதே. இரைப்பையில் அமிலம், அதைத் தாண்டினால் பித்தநீர். பித்தநீர் என்பது உடம்பே தயாரிக்கும் சோப்பு எனலாம், கொழுப்பைக் கரைப்பதே அதன் தொழில். சட்டை போட்ட வைரஸ் பலவும் அங்கே முடிந்துபோகும். உறையற்றவன் இரண்டு வாசலையும் கடந்து குடலுக்குள் போய்விடுகிறான். வயிற்று நோய் வைரஸ்கள் பெரும்பாலும் இந்த ஜாதி என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

விதிவிலக்கும் உண்டு. ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸ் உறையற்றதே. அமிலம் பட்டால் சாகும், மூக்கோடு அதன் ஆட்சி முடிந்தது. பெரியம்மை வைரஸ் உறை உள்ளது, ஆனால் காய்ந்த பொருக்கில் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது. எல்லாவற்றையும் விட வியப்பானது ஹெபடைடிஸ் ஏ. 2013இல் தெரியவந்த உண்மை: இது கல்லீரலில் பெருகி இரத்தத்தில் செல்லும்போது ஒரு சவ்வைப் போர்த்திக்கொண்டு போகிறது, உடம்பின் காவலர்கள் கண்ணில் படாமல் இருக்க. கல்லீரலிலிருந்து பித்த வழியே குடலுக்கு இறங்கும்போது பித்த உப்பு அந்தப் போர்வையை உரித்துவிடுகிறது. வெளியே தண்ணீருக்கு வருவது வெறும் ஓடுதான். உள்ளே ஒரு வேடம், வெளியே ஒரு வேடம்.

இதன் விளைவு என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரும் சான்று இருக்கிறது. 1955 டிசம்பர், 1956 ஜனவரியில் டெல்லியில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. நஜாஃப்கர் ஓடையின் சாக்கடை, யமுனையில் வசீராபாத் நீரேற்று இடத்தில் கலந்துவிட்டது. அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிப் போட்டார்கள். பலன் கிடைத்தது, டைபாய்டும் சீதபேதியும் கூடவே இல்லை. பாக்டீரியா செத்தது, வைரஸ் குழாயில் வந்தது. அன்றைக்குச் சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது அது ஹெபடைடிஸ் ஏ இல்லை என்று 1980இல் தெரிந்தது. பிறகு ஹெபடைடிஸ் ஈ என்று உறுதியாயிற்று. பாக்டீரியாவுக்குப் போட்ட அளவு உறையற்ற வைரசுக்குப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. குளோரினே வீண் என்று யாரும் கொள்ளக்கூடாது. போதிய அளவு, போதிய நேரம், கலங்கல் இல்லாத தண்ணீர், இந்த மூன்றும் கூடினால் அது வேலை செய்யும்.

கேரளத்திலும் 2024 ஏப்ரல், மே மாதங்களில் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூர் பஞ்சாயத்தில் 200க்கு மேற்பட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சின்ன வயதில் இந்தத் தொற்று வந்தால் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும், ஆயுளுக்கும் எதிர்ப்பு மிஞ்சும். சுகாதாரம் உயர்ந்த ஊரில் பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது வயதில் முதன்முதலாக வருகிறது, அப்போது கல்லீரலைப் பலமாகத் தாக்குகிறது. நாம் முன்னேறியதால் வந்த வினை.

எங்கள் சமணக் குடும்பங்களில் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை. வந்தவாசிப் பக்கத்து எங்கள் வீட்டில் பாட்டி மடித்த துணியில் வடிகட்டுவார், பின்பு காய்ச்சுவார். நீரில் உள்ள சிற்றுயிர்க்குத் தீங்கு வரக்கூடாது என்பதே நோக்கம். அந்தத் துணிக்கு மருத்துவப் பயனும் உண்டு. வங்கதேசத்தில் பழைய சேலையை நான்காக மடித்து வடிகட்டிய ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது என்று ரீட்டா கால்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்பூச்சிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதால் பூச்சியோடு அதுவும் துணியில் சிக்கியது. வைரஸ் அப்படிச் சிக்காது. மடித்த சேலையின் துளை சுமார் 20 மைக்ரான். நோரோ, ஹெபடைடிஸ் ஏ வைரசின் குறுக்களவு 30 நானோமீட்டர் அளவில். துளை அறுநூறு மடங்குக்கு மேல் பெரியது. வைரசைக் கடுகு என்று வைத்தால் துளை கிணற்று வாய்.

என் கடையில் மெழுகுவர்த்தி போன்ற வெள்ளைக் கேண்டில் வைத்த எவர்சில்வர் ஃபில்டர் விற்கிறேன். நல்ல சரக்குதான், கலங்கலும் பாக்டீரியாவும் நிற்கும். ஆனால் அந்தக் கேண்டிலின் துளையும் வைரசுக்குப் பல மடங்கு பெரிது. வாங்குகிறவர்களிடம் "வடிச்ச பிறகும் காய்ச்சணும்" என்று சொல்லித்தான் பில் போடுகிறேன். இரண்டொருவர் வாங்காமலே போனதும் உண்டு.

காய்ச்சுவது என்றால் எவ்வளவு? ஹெபடைடிஸ் ஏ 60 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் இருந்தாலும் முழுதும் ஒழியாது. 85 டிகிரியில் ஒரு நிமிடத்தில் ஒழியும். ஆகவே கை பொறுக்கும் சூடு சூடே அல்ல. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். கேரளத்தார்க்கு இது புதிதல்ல. சீரக வெள்ளம், சுக்கு வெள்ளம், சிவக்கச் சிவக்கப் பதிமுக வெள்ளம் என்று காய்ச்சிக் குடிக்கும் நல்ல பழக்கத்தை நம்ம ஆளுங்க இங்கே வந்துதான் கற்றுக்கொண்டோம். கெடுதல் எங்கே வருகிறது என்றால், ஓட்டலில் கொதித்த பதிமுக வெள்ளத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற வைக்கிறார்களே, அங்கே. நிறம் சிவப்பாகவே இருக்கும். ஊற்றின தண்ணீரில் வைரஸ் இருந்தால் வெதுவெதுப்பான அந்தச் சூடு அதை ஒன்றும் செய்யாது. இப்படிக் கலக்காதீர்கள் என்று சுகாதாரத் துறை பல முறை அறிவித்திருக்கிறது.

உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்று. வாசலிலேயே ஐஸ் மிதக்கும் நாரங்கா வெள்ளம் கொடுத்தார்கள். நாலு வாரம் கழித்து நாலைந்து பேருக்குக் கண் மஞ்சளித்தது. எந்த மண்டபம், யார் சமையல் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்த ஐஸ்தான் காரணம் என்று நிரூபிக்கவும் முடியாது. ஹெபடைடிஸ் ஏ உள்ளே போய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும், சராசரி 28 நாள். ஒரு மாதத்துக்கு முன்பு எந்தக் குவளையில் என்ன குடித்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? இந்தத் தாமதமே இந்த நோய்க்குப் பெரிய மறைவிடம். ஐஸில் வைரஸ் சாவதில்லை, பத்திரமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பாத்திரக்காரன் என்பதால் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் நோரோவுக்கு இனமான எலி வைரசை உலோகத் தகடுகளில் தடவிப் பார்த்தனர். செம்பிலும், செம்பு மிகுந்த பித்தளை போன்ற கலவைகளிலும் அது விரைவில் அழிந்தது. எவர்சில்வரில் அப்படியே இருந்தது. பித்தளைக் கைப்பிடி வைத்த பழைய வீட்டுக் கதவுகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இது தொடும் பரப்பைப் பற்றிய செய்தி. செப்புக் குடத்தில் ஊற்றிவிட்டால் காய்ச்ச வேண்டாம் என்று என் பேரைச் சொல்லி யாரும் விற்க வேண்டாம்.

உறையில்லாமை நமக்கு நன்மையாக வாய்த்த இடமும் உண்டு. அமிலத்துக்கும் பித்தத்துக்கும் அஞ்சாத வைரஸ் என்பதால்தான், அதை வலுவிழக்கச் செய்து வாய் வழியே சொட்டாகக் கொடுக்க முடிந்தது. போலியோ சொட்டு மருந்து அப்படி வந்தது. மூன்று தவணை இந்தியக் குழந்தைகளுக்குப் போதவில்லை என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி.ஜேக்கப் ஜான் 1970களிலேயே எடுத்துக் காட்டினார். இந்தியாவின் கடைசிக் காட்டுப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் கண்டறியப்பட்ட சிறுமி. 2014 மார்ச் 27இல் நாடு போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. ரோட்டாவுக்கும் 2016 முதல் நம் அரசுத் திட்டத்தில் சொட்டு மருந்து உண்டு. ஹெபடைடிஸ் ஏ-க்கு ஊசி இருக்கிறது, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இனி நம்ம கிணறு. நெய்யாற்றுப் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு, மழை பிடித்தால் கழிவுத் தொட்டியின் கசிவும் அதே மண்ணில்தான் இறங்குகிறது. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. நோய் பரவும் காலத்தில் அதை இரட்டிப்பார்கள். கணக்கு இப்படி: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்து, தண்ணீரின் ஆழத்தால் பெருக்க வேண்டும். விட்டம் 2 மீட்டர், நீர் ஆழம் 3 மீட்டர் என்றால் 9.42 வரும், அதாவது 9,420 லிட்டர். அதற்குப் பவுடர் 23 கிராம் சொச்சம், இரட்டித்தால் 47 கிராம். அதைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்ததை மட்டும் வேறு பக்கெட்டில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் போன பிறகு இறைக்கலாம். குடிப்பதற்கு அதன் பிறகும் காய்ச்சத்தான் வேண்டும். பவுடர் வாங்கும்போது பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறாத பவுடரில் குளோரின் பறந்துபோயிற்று, மிச்சம் இருப்பது சுண்ணாம்பு.